வான்கோழியோட வாசிச்ச முகூர்த்தம்: ஈசிஆர் கிராமத்து ஹோட்டல் கல்யாணம், ஒரு நாயனக்காரன் ரிவ்யூ

ஹோட்டலுக்கு ரிவ்யூ போடறவங்க ஆயிரம் பேர் இருக்காங்க, கல்யாண மண்டபத்துக்குன்னா பொண்ணு வீட்டுக்காரங்க போடுவாங்க, மேளக்காரன் போட்டு நான் பாத்ததே இல்ல, அதான் இன்னிக்கு உக்காந்துட்டேன். நான் நாயனம், அதான் நாதஸ்வரம், வாசிக்கிறவன், ஊரு கும்பகோணம் பக்கம், மயிலாப்பூர் வந்து 19 வருஷம் ஆச்சு. இந்த தை மாசம் ஒரு முகூர்த்தம் வந்துச்சு, ஈசிஆர்ல, அதான் சென்னை கிழக்கு கடற்கரை ரோட்டுல, கோவளம் தாண்டி திருவிடந்தைக்கு முன்னாடி உள்ள திரும்புற ரோட்டுல ஒரு கிராமத்து ஸ்டைல் ஹோட்டல். ஓலைக் குடிசை, திண்ணை வச்ச ஓட்டு வீடு, கெணறு, மாட்டு வண்டி, ஞாயித்துக்கிழமை சிட்டிக்காரங்க குடும்பத்தோட வந்து நாட்டுக்கோழி சாப்ட்டுட்டு ஊஞ்சல்ல போட்டோ எடுத்துட்டு போவாங்களே, அந்த மாதிரி இடம். பேரு போடல, ஏன்னா கீழ கொஞ்சம் குறை சொல்லப் போறேன், ஓனர் நல்ல மனுஷன், நேர்லயே எல்லாத்தையும் சொல்லிட்டேன், சிரிச்சுக்கிட்டே கேட்டுக்கிட்டாரு.

என் கூட வாசிக்கிற தவில்காரர், எனக்கு மாமா முறை, "கல்யாணம் மண்டபத்துல இல்ல மாமா, ஹோட்டல்ல"ன்னு போன்ல சொன்னதும் "லிஃப்ட் இருக்கா, தவில தூக்கிட்டு படியேற வச்சிடாத"ன்னாரு. அவரு நினைச்சது ஸ்டார் ஹோட்டல். போய் எறங்குனதும் கேட்ல மாட்டு வண்டியப் பாத்துட்டு "ஏன்டா, இதுக்கு நம்ம ஊருக்கே போயிருக்கலாமே"ன்னு ஒரே வார்த்தைல முடிச்சிட்டாரு.

மொதல்ல ஏன் அங்க கல்யாணம் வைக்கிறாங்கன்னு சொல்லிடறேன். திருவிடந்தை நித்ய கல்யாணப் பெருமாள் கோயில் 108 திவ்ய தேசத்துல ஒன்னு, கல்யாணம் ஆகலன்னா அங்க போய் மாலை சாத்தி, குடுக்கற மாலைய கழுத்துல போட்டுக்கிட்டு 9 சுத்து சுத்துவாங்க, கல்யாணம் ஆனப்புறம் அந்த பழைய மாலைய எடுத்துக்கிட்டு ஜோடியா வரணும். இந்தப் பொண்ணுக்கும் அந்த வேண்டுதல்தான். அதனால பக்கத்துலயே முகூர்த்தம், கையோட மாலைய சேத்துட்டு வந்துடலாம்னு கணக்கு. 250 பேர்தான் ஆளு, சிட்டிக்குள்ள பெரிய மண்டபம் எடுத்தா பாதி சேர் காலியா கெடக்கும், அதுக்கு இது பரவால்லன்னு பொண்ணோட அப்பா சொன்னாரு. நியாயம்தான்.

முந்தின நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்பு. கேட்லேருந்து மேடை வரைக்கும் பாதை பூரா கூழாங்கல்லு கொட்டி வச்சிருக்காங்க, பாக்க அழகு, செருப்பு போடாம கழுத்துல தவில மாட்டிக்கிட்டு நடக்கறவனுக்குத்தான் தெரியும். ரெண்டு பக்கமும் தரையிலேருந்து மேல பாக்கற மாதிரி ஃபோகஸ் லைட்டு, மூஞ்சிலேயே அடிக்குது, காலுக்கு கீழ ஒன்னும் தெரியல. மாமா ரெண்டு தடவ தடுக்குனாரு, ஆனா தாளம் தடுக்கல, அது வேற விஷயம்.

அப்புறம் கொசு. இத சிரிக்காம படிங்க. நாயனம் வாசிக்கிறவனுக்கு ரெண்டு கையும் குழல் மேல, வாய் சீவாளி மேல (வாய்ல வச்சு ஊதுற நாணல் துண்டு), மூக்கு நுனில ஒரு கொசு உக்காந்தா அத ஊதக்கூட முடியாது, ஊதுற மூச்சு பூரா கீழதான் போகுது. தோடி ராகம் ஆலாபனை பண்ணிட்டிருக்கேன், அது பாட்டுக்கு குடிச்சிட்டு போச்சு. ஒரு குடிசைக்கு ஒரு சாம்பிராணி சட்டி வச்சா போதும், கிராமத்து தீம்க்கும் பொருத்தமா இருக்கும், இத யாரும் யோசிக்கல.

ரிசப்ஷனுக்கு லைட் மியூசிக் செட், கீபோர்டு வாசிக்கிற தம்பி எனக்கு தெரிஞ்சவன்தான். அவன் கஷ்டம் வேற மாதிரி. மேடை கடலப் பாத்தா மாதிரி இருக்கு, சாயங்காலம் கடக்காத்து நேரா பாடுறவங்க மைக்ல வந்து அடிக்குது, புஃப் புஃப்னு சத்தம், மைக் தலைல ஸ்பாஞ்சு மாட்டுனப்புறம்தான் வார்த்தை புரிஞ்சுது. மரத்துல சுத்துன சீரியல் லைட்டும் அவன் ஆம்ப்ளிஃபயரும் ஒரே லைன்ல, லைட்டு மினுக்குறப்பல்லாம் ஸ்பீக்கர்ல ங்ங்ஙொய்னு ஒரு சுருதி, கேட்டா எங்க சுருதிக்கு அரை ஸ்வரம் கம்மி. ஜெனரேட்டர்லேருந்து தனி லைன் இழுத்து குடுக்க ஒரு மணி நேரம் ஆச்சு. இதெல்லாம் கூட எங்கயும் நடக்கறதுதான்.

நெஜமான பிரச்சனை என்னன்னா அந்த இடத்தோட அமைப்பு. அது குடும்பம் குடும்பமா தனித்தனி குடிசைல உக்காந்து சாப்பிடறதுக்கு கட்டுனது. ஒரு குடிசைலேருந்து பாத்தா இன்னொரு குடிசை தெரியக்கூடாதுன்னே நடுவுல வாழையும் மூங்கிலும் வச்சிருக்காங்க. கல்யாணத்துல எல்லாரும் ஒரே பக்கம் பாக்கணும் இல்லையா. இங்க சொந்தக்காரங்க கும்பல் கும்பலா ஆளுக்கொரு குடிசைல போய் செட்டில் ஆயிட்டாங்க, மேடைக்கு முன்னாடி சேர் பூரா காலி, தம்பி உருகி உருகி வாசிக்கிறான், முன்னாடி ஒரே ஒரு தாத்தா, அவரும் தூங்குறாரு. ஆனா குடிசைக்குள்ள எல்லாம் கேட்டுட்டுதான் இருந்தாங்கன்னு அப்புறம் தெரிஞ்சுது, நல்ல பாட்டு முடிஞ்சா இருட்டுக்குள்ளேருந்து விசில் வரும், யாருன்னு தெரியாது. 10 மணிக்கு டாண்னு ஸ்பீக்கர் ஆஃப். 2000-ம் வருஷத்து ஒலி மாசு விதிப்படி ராத்திரி 10 மணியிலேருந்து காலைல 6 வரைக்கும் ஸ்பீக்கர் கிடையாது, சிட்டிக்குள்ள பல இடத்துல கண்டுக்க மாட்டாங்க, இங்க மேனேஜர் வாட்ச்சப் பாத்துட்டு வந்து நின்னாரு. மாப்பிள்ளையோட ஃப்ரெண்ட்ஸ் சண்டைக்கு போனாங்க, நான் மனசுக்குள்ள அந்த மேனேஜர கும்புட்டேன், காரணம் கீழ வருது.

எங்களுக்கு தங்க குடுத்த ரூம் பத்தி ஒரு வரி. உர மூட்டையும் மண்வெட்டியும் வைக்கிற ரூம். ஃபேன் இருந்துச்சு, கண்ணாடி இல்ல. செல்ஃபோன் கேமராவப் பாத்து விபூதி வச்சேன்.

இப்ப முகூர்த்தம். 4:30லேருந்து 6. தை மாசம் அந்த நேரத்துக்கு பனின்னா பனி, புல்லு பூரா சொட்டுது, ஜமக்காளத்த அந்தப் புல்லு மேலயே விரிச்சு வச்சிருக்காங்க, உக்காந்த ஒடனே வேஷ்டி நனைஞ்சுடுச்சு. பனில தவிலோட வலந்தலை, அதான் வலது பக்கத்து தோலு, சுருதி இறங்கும், தோல் ஈரத்த குடிச்சிடும்ல, மாமா ஸ்பேனர வச்சு போல்ட்ட திருகறாரு, அஞ்சு நிமிஷத்துல மறுபடி இறங்குது. பழைய காலத்து வாரு கட்டுன தவிலா இருந்தா அந்த பனிக்கு அழுதுருப்போம். கீழ போட ஒரு பலகை கேட்டேன். "இருங்கண்ணே"ன்னு ஒரு பையன் ஓடுனான், நல்ல பையன், வரும்போது இன்னொருத்தனோட சேந்து கயித்துக் கட்டில தூக்கிட்டு வரான். மாமா அதுல உக்காந்தாரு, உக்காந்ததும் நடுவுல பொதக்குனு போயிட்டாரு, தவிலு நெஞ்சுக்கு வந்துடுச்சு, முழங்கால் காதுக்கிட்ட. "இதுல பாட்டுதான் கேக்கலாம், வாசிக்க முடியாது"ன்னு எந்திரிச்சிட்டாரு. கடைசில கிச்சன்லேருந்து காய் நறுக்குற மேஜை பலகை ரெண்டு வந்துச்சு, வெங்காய வாசனையோட. அது போதும் எங்களுக்கு.

ஆனா உக்கார வச்ச இடம் இருக்கே. மணவறைக்கு பின்னாடி மூங்கில் தட்டி, தட்டி பூரா செவ்வந்தி, அந்த தட்டிக்கு அந்தப் பக்கம் நாங்க. போட்டோல மேளக்காரங்க விழக்கூடாதாம், டெக்கரேஷன்காரர் சொன்னாரு. சரிங்க, எங்க மூஞ்சி வேணாம், ஆனா எனக்கு ஐயர் கை தெரியணுமே. வெளியாளுங்களுக்கு இது தெரியாது, கெட்டிமேளம்ங்கறது கடிகாரம் பாத்து அடிக்கறது இல்ல, ஐயர் கைய தூக்கி விரல ஆட்டுவாரு, அந்த விரல பாத்துக்கிட்டேதான் நாங்க முகூர்த்தம் பூரா வாசிப்போம், கண்ணு அங்க, கை இங்க. தட்டி மறைச்சதால நடுவுல ஒரு சித்தப்பாவ நிக்க வச்சாங்க, ஐயர் அவருக்கு காட்டுவாரு, அவரு எங்களுக்கு காட்டுவாரு. அவரு போட்டோகிராபர் ஒருத்தர நகரச் சொல்லி கைய ஆட்டுனாரு. மாமா அடிச்சிட்டாரு. ஐயர் இன்னும் சங்கல்பத்துலயே இருக்காரு, அங்க கெட்டிமேளம் உச்சத்துல போகுது, பொம்பளைங்க கைல இருக்கற அட்சதைய பாதி பேரு போட்டுட்டாங்க, மாப்பிள்ளை பாவம் தாலி எங்கன்னு முழிக்கிறான். என் சர்வீஸ்ல இது ரெண்டாவது தடவ, மொத தடவயும் இதே மாதிரி தட்டிதான்.

அப்புறம் நானே எந்திரிச்சு அந்த தட்டில ரெண்டு செவ்வந்தி சரத்த ஒதுக்கி ஒரு சந்து பண்ணிக்கிட்டேன். டெக்கரேஷன்காரர் மொறச்சாரு, பொண்ணோட அப்பா "அவரு பாக்கட்டும்பா, அவரு பாத்தாதான் நடக்கும்"ன்னாரு. அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்காக எத்தன மணி நேரம் வேணாலும் வாசிப்பேன்.

இனிமேதான் நல்ல விஷயம். 6 மணிக்கு முன்னாடி மைக் கிடையாதுன்னு மேனேஜர் முன்னயே சொல்லிட்டாரு. நாயனத்துக்கு மைக் வைக்காம ஒரு முகூர்த்தம் நான் வாசிச்சு ஆறேழு வருஷம் இருக்கும்ங்க. சிட்டி மண்டபத்துல என்ன பண்ணுவாங்கன்னா, ஏற்கனவே நாலு தெரு கேக்கற கருவி இது, அதோட அணசு, அதான் கீழ விரிஞ்ச வாய், அதுக்குள்ளேயே மைக்க சொருகி வச்சிடுவாங்க, ஏசி ஹாலு, கிரானைட் தரை, கண்ணாடி சுவரு, ஒரு ஸ்வரம் புடிச்சா அது நாலு பக்கமும் முட்டிட்டு திரும்ப வரும், அடுத்த ஸ்வரம் அதோட மோதும், ஜனங்க காத பொத்திக்கிட்டு "எப்படா நிறுத்துவானுங்க"ன்னு பாப்பாங்க. தப்பு எங்க மேலயா. கோயில் பிரகாரத்துலயும் தெருவுலயும் சாமிக்கு முன்னாடி நடந்துக்கிட்டே வாசிக்கறதுக்குன்னு உண்டானது, ஆச்சா மரத்துல கடைஞ்சு எடுக்கறது, எங்க ஊரு பக்கத்து நரசிங்கம்பேட்டைல பண்றதுக்கு 2022ல புவிசார் குறியீடே குடுத்தாங்க, அத கொண்டு போய் டப்பாக்குள்ள அடைச்சா என்னாகும்.

இங்க வேப்பமரத்தடி, மேல ஓலைக்கூரை, சுத்தி செடி. சத்தம் போச்சுன்னா போச்சு, திரும்ப வரல. மொத ரெண்டு நிமிஷம் எனக்கு பயமாவே இருந்துச்சு, நம்ம வாசிக்கிறது நமக்கே சரியா கேக்கல, ஹால்ல எக்கோ நம்ம தப்ப மூடிடும், இங்க மூடாது, மூச்சு கொஞ்சம் பிசிறுனா பிசிறு அப்படியே வெளில போகும். அப்புறம் பழகிடுச்சு. காத்து கூட அந்நேரம் நிலத்துலேருந்து கடலப் பாத்து மெல்லமாதான் வரும், கடக்காத்து திரும்புறது வெயில் ஏறுனப்புறம்தான், அதனால சீவாளி சீக்கிரம் காயல, சொன்ன பேச்சு கேட்டுச்சு. விடிகாலை ராகம் பௌளி எடுத்தேன். இருட்டுல, மைக் இல்லாம, பனிக்குள்ள பௌளி. ரெண்டாவது நாயனம் வாசிக்கிற என் தம்பி பையன் இப்பதான் ரெண்டு வருஷமா கூட வரான், அவன் திரும்பி என்னைப் பாத்தான், ஒன்னும் சொல்லல.

தாலி கட்டுனது 5 மணி சுமாருக்கு. ஐயர் விரல நானே பாத்தேன், மாமாவுக்கு தலைய ஆட்டுனேன், கெட்டிமேளம் ஆரம்பிச்சோம். அந்த நேரத்துல தும்மலோ அபசகுனமா ஒரு வார்த்தையோ யார் காதுலயும் விழுந்துடக்கூடாதுன்னுதான கெட்டிமேளமே. எல்லாத்தையும் அமுக்கிடும். வான்கோழிய தவிர. குழந்தைங்க பாக்கறதுக்குன்னு மணவறைலேருந்து முப்பதடி தூரத்துல கம்பி வலைக்குள்ள ஆறேழு வான்கோழி வளக்கறாங்க, அதுங்களுக்கு திடீர்னு பெரிய சத்தம் கேட்டா பதில் சொல்லியே ஆகணும் போல, நான் மேல் ஷட்ஜத்துக்கு, அதான் மேல் ‘ஸ’வுக்கு, போறப்பல்லாம் மொத்தமா சேந்து கொளகொளகொளன்னு ஒன்னு குடுக்குது. சிரிப்ப அடக்கிட்டு நாயனம் வாசிக்க முடியாது, உதடு விட்டுப் போயிடும். நான் கீழ பஞ்சமத்துக்கு இறங்கிட்டேன், அதுங்க நிறுத்திடுச்சு. மறுபடி மேல போனேன், மறுபடி கொளகொள. மாமா தவில்ல ஒரு தீர்மானம், அதான் முடிக்கறதுக்கு அடிக்கற தாளக்கட்டு, வச்சாரு பாருங்க, அது முடியற எடத்துல சரியா அதுங்களும் முடிச்சிச்சு. வீடியோல பதிவாயிருக்கு, பொண்ணு வீட்டுல அத தினமும் போட்டு சிரிக்கறாங்களாம்.

அதுக்கப்புறம் நடந்ததுதான் நான் இந்த ரிவ்யூவே எழுதறதுக்கு காரணம். அம்மி மிதிச்சாச்சு, அருந்ததி பாக்கணும். நீங்க எத்தன கல்யாணம் பாத்துருப்பீங்க, மண்டபத்துல அருந்ததின்னா ஐயர் மேல கைய காட்டுவாரு, அங்க ஃபால்ஸ் சீலிங்கும் ஏசி துவாரமும்தான் இருக்கும், பொண்ணு மாப்பிள்ளை தலையாட்டிட்டு வந்துடுவாங்க. இங்க ஐயர் பழக்க தோஷத்துல கைய தூக்கிட்டார், தூக்குனவர் அப்படியே நின்னுட்டார். வடக்கு பக்கம் மரம் இல்ல, வானம் தெறந்து கெடக்கு. "யாராவது இந்த லைட்ட எல்லாம் ரெண்டு நிமிஷம் அணைங்களேன்"னார். எலக்ட்ரீஷியன் தூங்குறவர எழுப்பி மெயின ஆஃப் பண்ணாங்க. தை மாசம் அஞ்சரை மணிக்கு சப்தரிஷி மண்டலம் வடக்க நல்ல உசரத்துல நிக்கும், அந்த வரிசைல கடைசிலேருந்து ரெண்டாவது வசிஷ்டர், அவரு மேல ஒட்டிக்கிட்டு மங்கலா ஒரு பொட்டு, அதான் அருந்ததி. ஐயர் ஒவ்வொன்னா காட்டுறாரு. மாப்பிள்ளைக்கு கண்ணாடி பனில மூடிடுச்சு, தொடச்சு தொடச்சு பாக்கறான். பொண்ணு "தெரியுது, தெரியுது"ன்னு கத்திடுச்சு. குடிசைக்குள்ள இருந்தவங்கல்லாம் வெளில வந்து வானத்த பாக்கறாங்க, முந்தின நாள் ராத்திரி பூரா கூப்ட்டும் வராத கூட்டம். பொண்ணோட பாட்டி ஒருத்தர், சேர்ல உக்காந்தபடியே, "எனக்கு அம்பத்தெட்டு வருஷம் முன்னாடி ஓட்டுல இருந்த ஓட்டைய காட்டுனாங்க"ன்னாங்க, எல்லாரும் சிரிச்சாங்க, அந்தம்மா சிரிக்கல, பாத்துட்டே இருந்தாங்க. நான் வாசிக்கல. தம்பி பையன் சுருதிப் பெட்டிய மட்டும் அணைக்காம விட்டிருந்தான், அது பாட்டுக்கு ஓடிட்டு இருந்துச்சு.

சரி, சாப்பாடு. ராத்திரி ரிசப்ஷனுக்கு அவங்க வழக்கமான சமையல், நாட்டுக்கோழி, மட்டன் சுக்கா, வஞ்சரம் வறுவல்னு பெரிய லிஸ்ட்டு, எங்க செட்டு முகூர்த்தம் முடியற வரைக்கும் கறி தொடாது, அதனால அத பத்தி எனக்கு தெரியாது, கீபோர்டு தம்பி மட்டன் சுக்காவ மூணு தடவ வாங்குனான்னு மட்டும் தெரியும். காலைல சைவ டிபன், தனி பாத்திரம், தனி அடுப்புன்னு பொண்ணோட அப்பா முன்னாடியே பேசி வச்சுட்டாரு, நீங்க புக் பண்ணாலும் இத மறக்காம பேசுங்க, வெளி கேட்டரிங் உள்ள விட மாட்டாங்க. பொங்கல் அருமை, நெய் ஊத்துனதுல கஞ்சத்தனம் இல்ல. வடை ஆறிப் போச்சு, ஏன்னா எங்களுக்கு வந்ததே கடைசி பந்தில. இட்லி சுமார்.

காபிதான் பெரிய குறை. விடிகாலை 3 மணிக்கு எந்திரிச்சு குளிச்சுட்டு உக்காந்திருக்கோம், பால் வண்டி ஆறரைக்குத்தான் வரும்னாங்க, கருப்பட்டி போட்ட சுக்கு காபி மண் கிளாஸ்ல குடுத்தாங்க. எனக்கு அது தொண்டைக்கு இதமாத்தான் இருந்துச்சு. மாமாவுக்கு டிகிரி காபி இல்லாம, தவில் அடிக்க விரல்ல போடற கூடு மாட்ட மனசே வராது. அவரு அந்த கிளாஸ பாத்த பார்வைய நான் விவரிக்க விரும்பல. ஒரு ஹோட்டல்ல, அதுவும் கல்யாண நாள்ல, முந்தின நாளே பத்து லிட்டர் பால் வாங்கி ஃப்ரிட்ஜ்ல வைக்க முடியாதா.

ஸ்டார் போடணும்னா எல்லாத்துக்கும் சேத்து ஒரே நம்பர் போட எனக்கு வரல. மேளத்துக்கு, மைக் இல்லாத விடிகாலை முகூர்த்தம்னா, அஞ்சுக்கு அஞ்சு, கண்ண மூடிட்டு புக் பண்ணுங்க. ரிசப்ஷன் கச்சேரிக்கு ரெண்டரை, குடிசை பக்கம் போகவிடாம சேர்ல உக்கார வைக்க வீட்டுல ஒரு அதட்டுற அத்தை இருந்தா மூணு. மேளக்காரங்கள வச்சுக்கிற விதத்துக்கு ரெண்டு, அதுல ஒன்னு அந்த கட்டில் தூக்கிட்டு வந்த பையனுக்கு.

ஓனர்கிட்ட தட்டி, பலகை, பால், வான்கோழி நாலையும் சொன்னேன். தட்டிய மணவறைக்கு எடது பக்கம் தள்ளிடறேன், பலகை செஞ்சு வைக்கறேன்னாரு. வான்கோழிய மட்டும் எடம் மாத்த முடியாதாம், அதுக்கு ஷெட்டு அங்கதான் கட்டியிருக்கு. மாசில அங்கயே இன்னொரு முகூர்த்தம் ஒத்துக்கிட்டிருக்கேன், மாமா ஃபிளாஸ்க் வாங்கிட்டாரு. போற மேளக்காரங்க யாராவது இத படிச்சீங்கன்னா, உத்தண்டி டோல் காசு தனியா கேட்டு வாங்கிக்குங்க, பேசுன தொகைல அது சேராது, எங்களுக்கு குடுக்கல.